வாசலில் நின்ற பிள்ளைகள்: ஹடப்சர் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மகர்பட்டாவிலும் அமனோராவிலும் சசாணே நகரிலும் குடியிருந்து, பிள்ளைகளை அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,



கல்வியாண்டு முடிந்துவிட்டது. காடிதள் சந்திப்பில் முதலிடம் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் பேனரில் ஏறிவிட்டன. பள்ளியிலிருந்து வழவழப்பான தாளில் அச்சிட்ட ஆண்டறிக்கையும் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு, ஒலிம்பியாட் பதக்கங்கள், புதிதாகத் திறந்த ரோபோட்டிக்ஸ் அறை, ஆண்டு விழாப் படங்கள் என்று பக்கம் பக்கமாகச் சாதனைகள் இருக்கும். அந்தப் பிள்ளைகள் உழைத்து வாங்கியவை அவை, மகிழ வேண்டியவைதான். ஆனால் அநேகமாக எந்த ஆண்டறிக்கையிலும் ஒரு பக்கம் இருப்பதில்லை. அந்த ஆண்டு பள்ளி வாசலில் யார் யாருடைய பிள்ளைகள் வந்து நின்றார்கள், அவர்களில் யாருக்குக் கதவு திறந்தது என்று சொல்லும் பக்கம் அது.

இந்த மடல் அந்தப் பக்கத்தைப் பற்றியது. அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: இந்தியாவில் யூதர்கள் கட்டிய பள்ளிகள். கட்டியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் ஆண்டுதோறும் மணி அடித்துத் திறக்கும் பள்ளிகள் அவை. அவற்றின் கதையில் புனே நகரத்துக்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு. ஹடப்சரிலிருந்து கேம்ப் வழியாக ஊருக்குள் போகிறவர்கள் அந்தப் பங்கின் ஒரு சின்னத்தை அடிக்கடி பார்த்திருப்பார்கள். சிவப்புச் செங்கல்லில் உயர்ந்த கோபுரத்தோடு நிற்கும் ஒஹெல் டேவிட் ஜெப ஆலயம்தான் அது. ஊர்மக்களுக்கு அது லால் தேவுள். 1867-இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டுவித்த டேவிட் சசூன் 1864-லேயே காலமாகிவிட்டார். அவர் கல்லறை அதே வளாகத்தில் இருக்கிறது. பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் வணிகம் செய்து பெருஞ்செல்வரான அவருடைய பெயரைத்தான் புனேயின் பெரிய அரசு மருத்துவமனை இன்றும் தாங்கி நிற்கிறது.

முதலில் கொல்கத்தாவுக்குப் போவோம்.

அங்கே பார்க் ஸ்ட்ரீட்டில் ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூல் என்று ஒரு பள்ளி. 1881-இல் தொடங்கியது. அலெப்போவிலிருந்து 1798-இல் ஷாலோம் கோஹென் என்ற வணிகர் கல்கத்தாவில் வந்து இறங்கியதிலிருந்து அந்நகரத்து யூதர்களின் வரலாறு தொடங்குகிறது. அடுத்த எண்பது ஆண்டுகளில் சமூகம் வளர்ந்தது, பணமும் சேர்ந்தது. பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஆசையும் வந்தது. அப்போது நல்ல பள்ளி என்றால் கிறிஸ்தவ மிஷன் பள்ளிதான். படிக்கப் போகும் பெண் பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்களோ என்ற அச்சம் பெரியவர்களுக்கு இருந்தது. அந்த அச்சத்திலிருந்து பிறந்த பள்ளி இது. தன் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளவே ஒரு சிறு சமூகம் எழுப்பிய மதில் என்று சொன்னாலும் தவறில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் சில ஆயிரம் யூதர்கள் இருந்தார்கள். 1946-இன் கலவரம், 1947-இன் விடுதலை, 1948-இல் இஸ்ரேல் உருவானது என்று அடுத்தடுத்து வந்த மாற்றங்களில் அவர்கள் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இஸ்ரேலுக்குமாகப் பிரிந்து போனார்கள். இன்று அந்நகரில் மிஞ்சியிருப்பவர்கள் ஏறத்தாழ இருபது பேர். வகுப்பறையில் யூதச் சிறுமிகள் குறையத் தொடங்கியபோது பள்ளி நிர்வாகத்துக்கு எளிதான வழி ஒன்று இருந்தது. பள்ளியை மூடிவிட்டு நிலத்தை விற்றிருக்கலாம். பார்க் ஸ்ட்ரீட் நிலத்தின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அதைச் செய்யவில்லை. 1950களில் பிற சமயத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார்கள்.

இன்று அங்கே படிக்கும் மாணவிகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமிகள். யூத மாணவி ஒருவர்கூட இல்லை. ஆனால் சீருடையில் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது. தலையில் துப்பட்டாவும் சட்டையில் டேவிட் நட்சத்திரமுமாக ஒரு சிறுமி பார்க் ஸ்ட்ரீட்டில் புத்தகப் பையோடு நடந்து போவது அந்த ஊரில் யாரும் நின்று பார்க்கும் காட்சியே அல்ல. அந்தக் குடும்பங்கள் இந்தப் பள்ளியைத் தேர்ந்ததற்கான காரணங்களும் மிக எளிமையானவை: பெண்களுக்கு மட்டுமான பள்ளி, ஆங்கில வழி, கண்டிப்பு, வீட்டிலிருந்து போய்வரும் தூரம். சமய நல்லிணக்கத்தை நாட்டுக்கு எடுத்துக்காட்ட வேண்டும் என்று நினைத்து யாரும் தன் மகளைச் சேர்க்கவில்லை. நல்ல படிப்பு வேண்டும் என்று சேர்த்தார்கள், அது கிடைத்தது. மேற்கு ஆசியாவில் போர் மூளும் ஒவ்வொரு முறையும் செய்தியாளர்கள் இந்தப் பள்ளிக்கு வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையிலும் அதே பிள்ளைகள் அதே வகுப்பில் கணக்குப் போடுகிறார்கள்.

ஒரு சமயத்தைக் காக்கக் கட்டிய பள்ளி இன்னொரு சமயத்தின் பெண் பிள்ளைகளை மூன்று தலைமுறையாகப் படிக்க வைக்கிறது, அவர்களுடைய சமயத்தில் கைவைக்காமல். 1881-இல் யூதப் பெரியவர்கள் மிஷன் பள்ளிகளிடம் எதை எதிர்பார்த்து ஏமாந்தார்களோ, அதைத் தங்களிடம் வந்த பிள்ளைகளுக்கு அவர்களுடைய வாரிசுகள் கொடுத்துவிட்டார்கள். எந்த விழுக்காட்டுக் கணக்கிலும் அடங்காத சாதனை இது.

கொல்கத்தாவின் பவ்பஜார் பகுதியில் ஆண் பிள்ளைகளுக்கென்று எலியாஸ் மேயர் இலவசப் பள்ளி இருக்கிறது. மும்பை பைகுல்லாவில் மாகென் டேவிட் ஜெப ஆலயத்தை ஒட்டிச் சசூன் குடும்பத்தார் பெயரில் பள்ளிகள் உள்ளன. அங்கேயும் இதே நிலைதான். வகுப்பறைகளில் இருப்பவர்கள் மிகப் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள்.

மும்பை மஸ்காவ் பகுதியில் உள்ள சர் எல்லி கடூரி பள்ளியின் கதைதான் நம் புனேவோடு நேராக வந்து சேர்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

கொங்கணக் கரையில், அலிபாக்கைச் சுற்றிய கிராமங்களில், பல நூறு ஆண்டுகளாக எண்ணெய் ஆட்டிப் பிழைத்த ஒரு சமூகம் உண்டு. சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊரார் அவர்களை ஷனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று அழைத்தார்கள். பெனே இஸ்ரேல் எனப்படும் மராத்தி யூதர்கள் அவர்கள்தான். கிஹிம் கிராமத்தார் கெஹிம்கர், நவ்காவ் ஊரார் நவ்காவ்கர், திவே ஊரார் திவேகர் என்று குடும்பப் பெயர்கூட மற்ற மராத்தியரைப் போலவே ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. பேச்சு மராத்தி, உடை மராத்தி. ஹீப்ரு மொழி கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. அதைத் திருப்பிக் கற்றுக்கொடுத்ததில் மிஷனரிகளுக்குப் பங்கு உண்டு. பம்பாயில் இருந்த ஸ்காட்டிஷ் மிஷனரி ஜான் வில்சன் 1832-இல் மராத்தியில் ஒரு ஹீப்ரு இலக்கண நூலே வெளியிட்டார். அவர் நோக்கம் மதமாற்றம். பெனே இஸ்ரேலர்கள் இலக்கணத்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

படிப்பின் ருசி கண்ட அந்தச் சமூகத்திலிருந்து ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் என்பவர் வந்தார். 1830-இல் பிறந்தவர். தன் சமூகத்தின் வரலாற்றை முதலில் விரிவாக எழுதியவர் அவர்தான். அந்த நூல் அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து 1937-இல் டெல் அவிவில் அச்சானது. 1875-இல் பம்பாயில் அவர் முன்னின்று தொடங்கியதுதான் இஸ்ரேலைட் ஸ்கூல். லண்டனிலிருந்து ஆங்கிலோ யூதச் சங்கம் பண உதவி செய்தது. எண்ணெய் ஆட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் மராத்தி, ஆங்கிலம், ஹீப்ரு மூன்றையும் படிக்கத் தொடங்கினார்கள். பின்னாளில், 1930களில், ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் தொழில் நடத்திய எல்லி கடூரியின் நன்கொடையால் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. பாக்தாதில் பிறந்து, 1880-இல் சசூன் நிறுவனத்தின் சாதாரண ஊழியராகப் பம்பாயிலிருந்து சீனக் கரைக்குப் போனவர் அவர்.

பம்பாயில் பள்ளி தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு, 1874-இல், நம் புனேயில் ஒரு புத்தகம் அச்சானது. பாஸ்கா விருந்தில் யூதக் குடும்பங்கள் ஓதும் ஹகதா என்ற நூலை ஹீப்ருவும் மராத்தியுமாகச் சேர்த்து, படங்களோடு வெளியிட்டார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கதையை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. பள்ளிக் கட்டடம் எழுவதற்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது.

இனி ரெபெக்கா ரூபன்.

1889-இல் பிறந்த பெனே இஸ்ரேல் பெண். அவர் உயர்நிலைப் படிப்பு படித்தது யூதப் பள்ளியில் அல்ல. புனே லட்சுமி சாலையில் இருக்கும் ஹுசூர்பாகாவில். 1884-இல் மகாதேவ கோவிந்த ரானடே, ஆர்.ஜி. பண்டார்கர், வாமன் ஆபாஜி மோடக் ஆகியோர் தொடங்கிய பெண்கள் உயர்நிலைப் பள்ளி அது. புனேக்குப் பெண் கல்வி புதிதல்ல. சாவித்ரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் பிடே வாடாவில் பள்ளி தொடங்கியது 1848-இல். ஆனால் பெண்கள் ஆங்கிலமும் கணிதமும் படித்து மெட்ரிகுலேஷன் வரை போகலாம் என்று ஹுசூர்பாகா சொன்னபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. திலகரே தன் பத்திரிகையில் அந்தப் பாடத்திட்டத்தை எதிர்த்து எழுதினார். அவ்வளவு சண்டையையும் தாண்டி இந்துச் சீர்திருத்தவாதிகள் நடத்திய அந்தப் பள்ளியில், பின்னாளில் ஒரு யூதச் சிறுமி சேர்ந்து படித்தார்.

1905-இல் பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் ரெபெக்கா முதலிடம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லை அன்று சிந்துவிலிருந்து தார்வாட் வரை. அத்தனை ஊர்களின் ஆண் பிள்ளைகளையும் தாண்டி ஒரு பெண் முதலிடம். இன்றாக இருந்தால் காடிதள் சந்திப்பில் எவ்வளவு பெரிய பேனர் எழும்பியிருக்கும்! ஆனால் அவர் வாழ்க்கையில் அந்த முதலிடம் தொடக்கம் மட்டும்தான். இங்கிலாந்து சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1917-இல் பெனே இஸ்ரேல் சமூகத்துக்கென்று ஒரு ஆண்டு நூலைக் கொண்டுவந்தார். தன் சமூகம் ஓராண்டில் எங்கே நின்றது என்று அதுவே திரும்பிப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி. 1922-இல் கெஹிம்கர் தொடங்கிய இஸ்ரேலைட் ஸ்கூலுக்குத் தலைமையாசிரியரானார். 1950 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரு பள்ளிக்கு ஒருவர் கொடுத்த 28 ஆண்டுகள்!

ஹுசூர்பாகா கொடுத்த பெண்களில் இன்னொருவர் ஜெருஷா ஜிராத். ஷிமோகாவில் பிறந்து, புனேயில் படித்து, மருத்துவராகி, இந்திய அரசின் உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று மேற்படிப்பு முடித்தவர். பம்பாய் காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் 1929 முதல் 1947 வரை இருந்தார். பிரசவத்தில் தாய்மார் இறப்பதைப் பற்றி ஆராய்ந்தார். 1966-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் கைகளில் பிறந்த பம்பாய்க் குழந்தைகளில் எல்லாச் சமயத்தாரும் உண்டு.

இந்த இரண்டு பெண்களின் வாழ்க்கையைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கடன் கைமாறிப் போவது தெரியும். புனேயில் ஒரு பள்ளி வேற்றுச் சமயத்துச் சிறுமிகளுக்கு இடம் கொடுத்தது. அவர்களில் ஒருவர் தன் சமூகத்தின் பள்ளியைத் தூக்கி நிறுத்தினார். அந்தச் சமூகம் இஸ்ரேலுக்குக் கப்பலேறிய பிறகு, அதே பள்ளி மஸ்காவ் பகுதியின் மராத்திப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது. 1905-இல் ஹுசூர்பாகாவின் ஆண்டறிக்கையில் ரெபெக்காவின் முதலிடம் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அந்தச் சிறுமிக்கு ஓர் இடம் கொடுத்த நாள் இருக்கிறதே, உண்மையான சாதனை அன்றைக்கே நடந்துவிட்டது.

கதவு திறப்பது எப்போதும் இவ்வளவு சுமுகமாக நடப்பதில்லை. லண்டனில் ஜே.எஃப்.எஸ். என்ற யூதப் பள்ளி இருக்கிறது. 1732-இல் தொடங்கியது, ஒரு காலத்தில் நாலாயிரம் பிள்ளைகள் படித்த பள்ளி. அங்கே இடத்துக்குப் போட்டி அதிகம். தாய் வழியில் யூதரா என்று பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் விதியை வைத்திருந்தார்கள். ஒரு சிறுவனின் தந்தை யூதர், தாய் மதம் மாறி யூதரானவர். ஆனால் அந்த மதமாற்றத்தை வைதிகத் தரப்பு ஏற்கவில்லை. அதனால் அவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 டிசம்பரில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அந்த விதி இனப் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதே சொல்கிறது, இது எவ்வளவு சிக்கலான கேள்வி என்று. ஒரு சிறு சமூகம் தன் பிள்ளைகளுக்கென்று பள்ளி வைத்துக்கொள்ள விரும்புவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அதே பிரிட்டனில், பர்மிங்ஹாம் நகரின் கிங் டேவிட் தொடக்கப் பள்ளி வேறு வழியில் போனது. யூதர்கள் அந்தப் பகுதியை விட்டு மெல்ல வெளியேறினார்கள். பாகிஸ்தானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் குடியேறின. 2007-இல் பத்திரிகைகள் எழுதியபோது மாணவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள். எல்லாப் பிள்ளைகளும் ஹீப்ரு படித்தார்கள், கோஷர் உணவு சாப்பிட்டார்கள். ஸ்காட்லாந்தில் கால்டர்வுட் லாட்ஜ் என்ற யூதத் தொடக்கப் பள்ளி 2017 முதல் ஒரு கத்தோலிக்கப் பள்ளியோடு ஒரே வளாகத்தில் இயங்குகிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு, ஹடப்சரில் யூதப் பள்ளி எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். புனேயிலேயே இன்று சில நூறு யூதர்கள்தான் இருப்பார்கள். மகாராஷ்டிரம் அவர்களுக்குச் சிறுபான்மைத் தகுதி கொடுத்ததே 2016-இல்தான்.

நீங்களும் இந்த ஊரில் சிறுபான்மையினர் என்பதுதான் பதில். தமிழர்கள் வெளியூரில் பள்ளி கட்டிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மும்பை மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தொடங்கியது. தாராவியில் காமராசர் பெயரில் ஆங்கிலப் பள்ளி இருக்கிறது. டெல்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் உள்ளன. நம் பிள்ளைகள் நம் மொழியை மறந்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்தவை இவையும். இன்று அவற்றின் வகுப்பறைகளில் தமிழ் அல்லாத பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். இதைக் குறையாகப் பேசுகிறவர்களை அவ்வப்போது கேட்க முடிகிறது. பார்க் ஸ்ட்ரீட் பள்ளியைத் தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை ஏழை, ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் பொருளாதாரப் பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு ஒரு லட்சம் ரூபாய். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் பிரமதி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. ஆக, யூதப் பள்ளிகள் வேற்றுச் சமூகத்துப் பிள்ளைகளை ஏற்றது சட்டத்தின் கட்டாயத்தால் அல்ல. இந்தச் சட்டம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கொல்கத்தாவில் கதவு திறந்துவிட்டது.

நம் பகுதிப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். அதைச் சுற்றி நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2024 பிப்ரவரியில் மாநில அரசு விதியைத் திருத்தியது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளி 25 விழுக்காடு ஒதுக்க வேண்டாம் என்றது. ஹடப்சர் போன்ற நெருக்கமான பகுதியில் ஒரு கிலோமீட்டருக்குள் அப்படி ஒரு பள்ளி இல்லாத இடம் எது? கிட்டத்தட்ட எல்லாப் பெரிய பள்ளிகளும் ஒரே கையெழுத்தில் விலகிக்கொள்ள வழி பிறந்தது. மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் அந்தத் திருத்தத்தையே ரத்து செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. இதற்கு நடுவே சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப் போனது. மகர்பட்டா வீடுகளில் சமையல் செய்கிறவர்கள், வாசலில் காவல் நிற்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஜூன் கடந்தும் பள்ளி தெரியாமல் காத்திருந்தார்கள்.

பள்ளிகளின் தரப்பையும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்கு அரசு தரும் தொகை ஆண்டுக்கு 17,670 ரூபாய். அதுவும் நேரத்துக்கு வருவதில்லை; நிலுவை ஏறிக்கொண்டே போகிறது என்று நிர்வாகிகள் சொல்வது உண்மை. அந்தப் பணத்தை அரசு உடனே கொடுக்க வேண்டும். ஆனால் நிலுவைக்கான சண்டையை ஆறு வயதுப் பிள்ளையின் இடத்தை வைத்து நடத்தக் கூடாது.

நம்மிடமும் ஒரு தயக்கம் இருக்கிறது. ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளால் வகுப்பின் தரம் குறையும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் அரசல் புரசலாக ஓடும் பேச்சைச் சொல்கிறோம். இந்தப் பேச்சுக்கு ஹடப்சர் மண்ணிலேயே பதில் இருக்கிறது. இங்கே சாதனா வித்யாலயாவை நடத்தும் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை 1919-இல் தொடங்கியவர் கர்மவீர் பாவூராவ் பாட்டீல். 1924-இல் சாதாராவில் விடுதி தொடங்கியபோது எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாகத் தங்க வைத்தார், ஒன்றாகச் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிட வைத்தார். செலவுக்குக் காசு இல்லாதபோது அவர் மனைவி லட்சுமிபாய் தன் நகைகளைக் கொடுத்தார். மேற்கு மகாராஷ்டிரத்தில் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்களைக் கேட்டால், அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறவர்கள் ஏராளம். அதனால் எந்தத் தரமும் குறைந்துவிடவில்லை.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூன் நடுவில் பள்ளி திறக்கிறது. மகாராஷ்டிரக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, திறந்த 30 நாட்களுக்குள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அமைக்கப்பட வேண்டும். அதன் செயற்குழுவின் பெற்றோர் உறுப்பினர்களைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி தனக்கு வேண்டியவர்களை நியமிக்க முடியாது. நம்மவர்களில் பலர் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. மராத்தியில் பேச்சு ஓடும், அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காது, நமக்கு எதற்கு வம்பு என்று காரணங்கள் உண்டு. இந்த முறை போங்கள். குலுக்கலில் பெயரைக் கொடுங்கள்.

முதல் பாலக் சபாவிலேயே, அதாவது பெற்றோர் கூட்டத்திலேயே, எழுந்து கேளுங்கள். இந்த ஆண்டு 25 விழுக்காட்டு இடங்களில் எத்தனை நிரம்பின? ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளுக்குச் சீருடையும் புத்தகமும் கிடைத்தனவா? போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வந்திருக்கிறார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை? சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாமல் வகுப்பில் தனியாக உட்கார்ந்த பிள்ளை உண்டா? ரம்ஜான் நோன்பிருக்கும் பிள்ளைக்கும், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கும், வாரி நாட்களில் பாட்டியோடு காடிதள் வரை நடந்து பால்கியை வணங்கிவிட்டு வரும் பிள்ளைக்கும் இந்தப் பள்ளியில் கூச்சமில்லாமல் இருக்க முடிகிறதா? கிடைக்கும் பதில்களை அடுத்த ஆண்டறிக்கையில், முதலிடப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

மராத்தியில் கேட்க வராவிட்டால் இந்தியில் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் மகளையோ மகனையோ எழுதித் தரச் சொல்லுங்கள். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். அவர்களுக்கு நன்றாகவே எழுத வரும்.

அன்புடன்,
ஹடப்சரில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெற்றோர்